நாலு பிள்ளைத்துணி

1955ஆம் வருஷம் சித்திரையில் உலகம்மாள் தென்காசி அரிசி மில்காரர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரே ஒரு வேலைதான். மில்காரரின் மகள் குழல்வாய்மொழி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து ஆண்பிள்ளை பெற்றிருந்தாள். அந்தப் பிள்ளை நனைத்துப்போடுகிற துணி அத்தனையையும் அலசித் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வெளுக்கிறவர் எட்டு நாளுக்கு ஒரு தடவைதான் வருவார். அதுவரைக்கும் பிள்ளைத்துணி காத்துக்கொண்டிருக்குமா?

உலகம்மாளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை வயிற்றிலேயே கலைந்து, மூன்றாவதாக ஆறு மாதம் தங்கியிருந்தது. புருஷன் சங்கிலிப்பாண்டி அதே மில்லில் மூட்டை தூக்கினான். அவன்தான் கேட்டு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தான்.

மில்காரரின் மனைவி கோமதியம்மாளைத் தெருவே ஆச்சி என்றுதான் கூப்பிடும். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று காகிதம் வந்த அன்றைக்கே ஆச்சி மில்காரரின் பழைய வேட்டிகளை எடுத்து ஒதுக்கிவிட்டாள். வருஷக்கணக்கில் வெளுத்து வெளுத்துப் பூவாகிப் போன வேட்டிகள். அவற்றைக் கிழித்து முப்பத்திரண்டு துண்டு போட்டிருந்தாள். பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் முன்னும் பின்னும் செருகிவிடப் பாதி, அடியில் மடித்துப் போடப் பாதி. பொழுது சாய்ந்ததும் ஆச்சி முப்பத்திரண்டையும் எண்ணிப் பார்த்துத்தான் பெட்டியில் வைப்பாள்.

“பிள்ளை மேல பட்ட துணி நம்ம வாசலைத் தாண்டப்பிடாது, கேட்டியா? ஆத்துக்குக் கொண்டுபோனா அத்தனையும் திரும்பி வந்திரணும். நைஞ்சு போச்சுன்னா வெந்நி அடுப்புல போடு. எவளுக்கும் குடுக்கப்பிடாது.”

“சரி ஆச்சி.”

உலகம்மாளுக்கு அந்தத் துணிகளைப் பிழியும்போதெல்லாம் வேறு நினைப்பு ஓடும். இல்லாதவர்கள் வீட்டில் பழைய துணி என்று தனியாக ஒன்று ஏது? உடுத்தியிருக்கிறதுதான் பழைய துணி. அவளுக்கு இரண்டு சேலை, சங்கிலிப்பாண்டிக்கு இரண்டு வேட்டி. மூட்டை உரசி உரசி அந்த வேட்டிகள் கிழிந்தது போக மிச்சமில்லை. நாளைக்குத் தன் வயிற்றில் இருப்பது வெளியே வந்தால் எதை எடுத்துக் கட்டுவது?

காலையில் துணிக்கூடையோடு சிற்றாற்றுக்குப் போவாள். மற்றப் பெண்கள் துவைக்கிற இடத்துக்குக் கீழே, நீர் போகிற பக்கமாக இறங்கி நின்றுகொள்வாள். முதலில் மலத்தைத் தென்னை ஈர்க்கினால் வழித்து ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். பிறகு கல்லில் அடிக்காமல் கையாலேயே கசக்க வேண்டும். கல்லில் அடித்தால் நூல் சிலிர்த்துப் பிள்ளைத் தொடையை அரித்துவிடும் என்று அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் ஒரு முறை முக்குவாள்.

ஆனி பிறந்ததும் சாரல் தொடங்கியது. மலை தெரியாமல் மூடிக்கொண்டு, பகலெல்லாம் நூல் நூலாக விழுந்துகொண்டே இருந்தது. கொடியில் போட்ட துணி மறுநாளும் அப்படியே சொதசொதவென்று கிடந்தது. சட்டியில் கங்கு அள்ளிப்போட்டு, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, ஒவ்வொரு துணியாக விரித்துக் காய வைத்தாள். புகை பட்டால் பிள்ளைக்கு இருமல் வரும். சூடு ஏறினால் துணி பொசுங்கிவிடும். எட்டு மாத வயிற்றை வைத்துக்கொண்டு கூடைக்கு முன்னால் குத்தவைத்துத் துணியைப் புரட்டிப் புரட்டிப் போட்டாள். கண் எரிந்து நீர் வடியும். முப்பத்திரண்டில் ஒன்றுகூட அவள் கையால் பொசுங்கியதில்லை.

குழல்வாய்மொழி பத்தொன்பது வயதுப் பெண். அம்மாவுக்கும் பயம், மாமியாருக்கும் பயம். ஆச்சி கோவிலுக்குப் போயிருக்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்து உலகம்மாளோடு பேசிக்கொண்டிருப்பாள்.

“உலகு, உனக்கு வலி வந்தா யாரு இருக்கா?”

“பக்கத்து வீட்டக்கா இருக்கா. மருத்துவச்சியும் வருவா.”

“எனக்கு நாலு பேரு பிடிச்சும் பயந்து செத்தேன்ட்டி.”

ஆடியில் உலகம்மாளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. இசக்கி என்று பெயர் வைத்தார்கள். பதினெட்டாம் நாள் பிள்ளையை ஓலைப்பெட்டியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். மாட்டுத்தொழுவத்தில் சாரல் படாத மூலையில் பெட்டியை வைத்துக்கொள்ள ஆச்சி சம்மதித்தாள்.

ஒரு நாள் குழல்வாய்மொழி தொழுவத்துக்கு வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிள்ளைக்குக் கட்டியிருந்தது நெசவுத் தெருவில் சைதூன் பீவி கொடுத்த கைலித் துண்டு. தறியில் அறுத்த மிச்சம், கஞ்சி விறைப்பு போகாதது. சாயம் இறங்கிப் பிள்ளையின் தொடை இரண்டும் நீலம் பாய்ந்திருந்தன. நீலத்துக்கு அடியில் தோல் சிவந்து வெடித்திருந்தது.

“என்னட்டி இது, பச்சப்பிள்ளை உடம்பு புண்ணாக் கிடக்கு!”

“வேற துணி இல்லம்மா. நாலஞ்சு தடவ துவைச்சா விறைப்பு போயிரும்.”

மறுநாள் ஆச்சி கோவிலுக்குப் போன நேரம் குழல்வாய்மொழி முந்தானைக்குள் மறைத்து நாலு துண்டு கொண்டுவந்தாள். அப்பாவின் இன்னொரு பழைய வேட்டியைப் பெட்டியடியிலிருந்து எடுத்து அவளே கிழித்திருந்தாள். முப்பத்திரண்டில் சேர்ந்தவை இல்லை. அவள் பிள்ளை மேல் ஒரு தடவைகூடப் படாதவை.

“அம்மாவுக்குத் தெரியவேண்டாம். எங்கன வாங்குனேன்னு கேட்டா யாரோ குடுத்தாவன்னு சொல்லிரு.”

உலகம்மாள் அந்தத் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு வாரத்தில் இசக்கியின் தொடைப்புண் ஆறியது. பிள்ளை இராத்திரி முழுக்கத் தூங்கியது. அது பிறந்ததிலிருந்து உலகம்மாள் மனம்விட்டுச் சிரித்தது அந்த ஒரு வாரந்தான்.

ஆவணி தொடக்கத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து மில்காரர் பேரனின் துணியை விரித்தபோது அவளுக்குத் திக்கென்றது. நாலு மாதமாக அந்தத் துணிகளைப் பார்க்கிறவள். மஞ்சளாகப் போனால் பால் ஒத்துக்கொண்டது, திரிதிரியாக இருந்தால் செரிக்கவில்லை என்றெல்லாம் தாய்க்கு முன்னால் அவளுக்குத் தெரியும். இன்றைக்குப் பச்சையாக, சளி மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. நாற்றமும் வேறாக இருந்தது. மறுநாள் பார்த்தால் சிவப்பாக ஒரு கீற்று.

நேரே போய் ஆச்சியிடம் சொன்னாள்.

“ஆச்சி, பிள்ளைக்கு வயித்துல கோளாறு இருக்கு. ரெண்டு நாளா சளியாப் போவுது. இன்னைக்கு ரத்தம் மாதிரி பட்டிருக்கு. டாக்டர்கிட்ட காட்டிருங்க.”

“நீ துவைக்கவந்தவளா, வைத்தியம் பாக்கவந்தவளா? பல்லுக்கு ஊறுது, அப்படித்தான் போவும். வசம்பு உரைச்சுக் குடுத்தாச்சு.”

“இல்ல ஆச்சி, துணியைக் கொண்டாந்து காட்டுதேன், பாருங்க.”

“சரி சரி, போயி வேலையைப் பாரு.”

நாலாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. உச்சிக்குழி உள்வாங்கிவிட்டது. டாக்டரைக் கூட்டி வந்தார்கள். செய்தி கேட்டுக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து குழல்வாய்மொழியின் மாமியாரும் வந்து இறங்கினாள். வந்தவள் வாசலிலேயே நின்று, “எங்க பிள்ளையை இப்படியாக்கி வச்சிருக்கியளே!” என்று சம்பந்தியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டாள். ஆச்சிக்கு முகம் செத்துப் போயிற்று.

பிறகு அந்த வீட்டில் நடந்ததெல்லாம் யார் மேல் பழி போடலாம் என்ற தேடல்தான். யார் வந்தார்கள், யார் கண் பட்டது, குழல்வாய்மொழி யார் கையால் என்ன வாங்கிக் குடித்தாள் என்று அலசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் தொழுவத்தில் இசக்கி வீரிட்டு அழுதாள். உலகம்மாள் ஓடிப்போய் அவளைத் தூக்கித் துணி மாற்றினாள். ஆச்சி தொழுவத்து வாசலில் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

“அந்தத் துணியை விரி.”

உலகம்மாள் நிமிர்ந்தாள்.

“விரிட்டிங்கேன்.”

விரித்தாள். மூலையில் சேங்கொட்டை மையில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும். வெளுக்கிறவர் மில்காரர் வீட்டுத் துணிக்குப் போடுகிற குறி. வேறு எந்த வீட்டுக்கும் அந்தக் குறி கிடையாது.

“எங்க வீட்டுக் குறில்லா இது? எம் பேரன் துணியை உம் பிள்ளைக்குக் கட்டி வச்சிருக்கே! அதான பாத்தேன். அங்க உசுருக்கு மல்லாடுது, இங்க கொழுகொழுன்னு கிடக்கு. ரெண்டு பிள்ளையைத் தின்னவ, மூணாவதைக் காப்பாத்த எங்க பிள்ளையைக் காவு குடுக்கப் பாத்தியா?”

கூட்டம் கூடிவிட்டது. சம்பந்தியம்மாள் வந்துவிட்டாள். பின்கட்டு நிலையில் குழல்வாய்மொழி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

“ஆச்சி, நான் எடுக்கல. குழலம்மாதான் குடுத்தாவ. பிள்ளை மேல படாத துணி ஆச்சி அது. முப்பத்திரண்டும் குறையாம இருக்கு. கேட்டுப் பாருங்க.”

எல்லாரும் திரும்பிக் குழல்வாய்மொழியைப் பார்த்தார்கள்.

“நீயா குடுத்தே?” என்று கேட்டது ஆச்சி இல்லை, மாமியார்.

குழல்வாய்மொழி உலகம்மாளைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே, “நான் ஏன் குடுக்கப்போறேன்? எனக்கொண்ணும் தெரியாது” என்றாள்.

இசக்கியின் இடுப்பில் கட்டியதையும் சேர்த்து நாலு துணியையும் ஆச்சி எடுத்துப் போடச் சொன்னாள். உலகம்மாள் அவிழ்த்துக் கொடுத்தாள். நாலும் வெந்நீர் அடுப்புக்குள் போயின. துணி ஒன்றுமில்லாத பிள்ளையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு அவள் சாரலில் இறங்கி நடந்தாள்.

மூன்றாம் நாள் மில்காரர் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

சங்கிலிப்பாண்டியை மில்லுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் அவளை அடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, “குடுத்தாவங்கே. குடுத்தவ ஏன் இல்லங்கா?” என்று கேட்டான்.

“மாமியாருக்குப் பயந்துட்டா.”

“தாலி கட்டினவன்கிட்டயாவது உண்மையைச் சொல்லு.”

அவள் இசக்கி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யப்போனாள். “பிள்ளை மேலயெல்லாம் சத்தியம் பண்ணாத” என்று கையைத் தட்டிவிட்டான். பயந்துவிட்டான். அந்தப் பயத்திலேயே அவன் தன்னை நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

இரண்டு சேலையில் ஒன்றைக் கிழித்துப் பிள்ளைக்குத் துணியாக்கினாள். மிஞ்சிய ஒரு சேலையைத் துவைத்தால் அது காய்கிற வரைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு சாக்கைச் சுற்றியபடி உட்கார்ந்திருப்பாள். சாரல் நாளில் ஒரு சேலை காய எவ்வளவு நேரமாகும்? தெருவில் போனால் பிள்ளைக்காரிகள் பிள்ளை முகத்தை முந்தானையால் மூடினார்கள். உண்டான பெண்கள் எதிர்ச்சாரிக்குப் போனார்கள். ஆற்றில் அவள் இறங்கினால் அவளுக்குக் கீழே ஒருத்தியும் துணி நனைப்பதில்லை. ஐப்பசியோடு வீட்டைக் காலிசெய்துவிட்டுக் குற்றாலத்துக்குப் போய்விட்டார்கள்.

குற்றாலத்தில் அவளுக்கு ஒரு தங்கும் விடுதியில் வேலை கிடைத்தது. அருவிக்கு வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போடுகிற துண்டுகளைத் துவைக்கிற வேலை. சவுக்காரம் போட்டாலும் போகாத எண்ணெய். அடுப்புச் சாம்பலும் உவர்மண்ணும் போட்டு வேகவைத்து அடிக்க வேண்டும். சீசன் முடிந்தால் அதுவும் கிடையாது. விறகு பொறுக்கவோ நடவுக்கோ போவாள். சங்கிலிப்பாண்டி மாம்பழக்கூடை, பலாப்பழம் சுமந்தான். இசக்கி வளர்ந்தாள். அவளுக்குப் பிறகு உலகம்மாளுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளைத்துணி துவைக்க எந்த வீட்டுக்கும் அவள் போகவில்லை.

பத்து வருஷம் கழித்து, 1965 ஆடியில் சீசனுக்கு வாடகைக்கு விடுகிற பங்களாவின் காவல்காரர் அய்யாத்துரை விடுதிக்கு வந்தார்.

“உலகம்மா, மதுரைக்காரங்க வந்து இறங்கியிருக்காவ. ஆறு மாசக் கைப்பிள்ளை இருக்கு. துணி காயாம அந்தம்மா திண்டாடுதாவ. ஒரு நாலு நாளைக்குப் பாத்துக் குடு.”

“பிள்ளைத்துணி நான் துவைக்கதில்ல அண்ணாச்சி.”

“எனக்காக வாயேன். இந்தச் சாரல்ல வேற யாரும் ஆம்பிடல.”

அய்யாத்துரை அண்ணாச்சி வாடகை கேட்காமல் குடிசைக்கு இடம் விட்டவர். மறுக்க முடியாமல் இசக்கியையும் கூட்டிக்கொண்டு போனாள். பங்களாவின் பின்பக்கம் வாளி நிறையத் துணி கிடந்தது. இரண்டு பேருமாக அலசிக் கசக்கி, கங்குச்சட்டி கேட்டு வாங்கிக் கூடையைக் கவிழ்த்தார்கள். பாதித் துணி காய்ந்திருந்தபோது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வீட்டு அம்மாள் கதவைத் திறந்து வந்தாள். குழல்வாய்மொழி. உடம்பு பெருத்திருந்தாள்.

உலகம்மாளைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டாள்.

“உலகு” என்றாள் குழல்வாய்மொழி. “நீயா? காவல்காரர் பேரு சொல்லலியே.”

உலகம்மாள் கூடைமேல் கிடந்த துணியைப் புரட்டிப் போட்டாள்.

“பத்து வருசத்துக்குப் பெறவு இப்பந்தான் இவன் பொறந்திருக்கான். என்ன சொன்னாலும் ஆறாது உலகு. அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும். என் மாமியாரைப் பாத்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கிட்டு. நான்தான் குடுத்தேன்னா பிள்ளையை நான்தான் கொன்னேன்னு சொல்லிருப்பா. நீ முன்னாடியே சொன்னே, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு. அது எனக்குத் தெரியும். உம்மேல எனக்கு என்னைக்கும் சந்தேகம் வந்ததில்ல.”

“உங்களுக்கு எப்படிச் சந்தேகம் வரும்? குடுத்ததே நீங்கதான?”

குழல்வாய்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் என்ன செய்யணும், சொல்லு.”

“ஆச்சி இருக்காவளா?”

“இருக்கா. தென்காசிலதான்.”

“மூணு மைலு. பஸ்ஸு நிக்கி. ஒரு எட்டுப் போயி, நான்தான் குடுத்தேன், அவ எடுக்கலன்னு ஆச்சிகிட்ட சொல்லுங்க. அந்தத் தெருவுல நாலு பேரு காதுல விழும்படியாச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

குழல்வாய்மொழி பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

“அம்மாவுக்கு நெஞ்சு சரியில்ல. இந்த வயசுல இதைக் கிளறுனா தாங்கமாட்டா. முடிஞ்சுபோனது தான...”

“எனக்கு முடியலம்மா.”

அப்போது பிள்ளை சிணுங்கியது. இசக்கி எழுந்து வந்து கையை நீட்டினாள். பிள்ளை தாவி அவளிடம் போய்விட்டது. ஈரத்துணியை உருவி, காய்ந்த துணியை எடுத்து இடுப்புக் கயிற்றில் செருகிவிட்டு, தோளில் போட்டுத் தட்டினாள். குழல்வாய்மொழி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உம் மகளா? என்ன பக்குவமாப் பாக்கா!” என்றாள். கொஞ்சம் தயங்கி, குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள். “உலகு, நான் ஒண்ணு கேக்கட்டுமா? மதுரைல எனக்கு ஒத்தாசைக்கு ஆளு அமையல. இவனை யாரு கையில குடுக்கவும் பயமா இருக்கு. உம் மகளை எங்கூட அனுப்பேன். பிள்ளையைப் பாத்துக்கிட்டு, துணிமணி துவைச்சுக்கிட்டு இருக்கட்டும். நல்லாச் சாப்பிடலாம். என் பிள்ளை மாதிரி வச்சுக்கிடுதேன். உனக்குச் செஞ்ச பாவத்துக்கு அதையாவது செய்யுதேன்.”

உலகம்மாள் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கேலி இல்லை. நிஜமாகவே கண்ணீரோடு, நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்தான் கேட்டாள்.

“மிச்சத் துணி காய்ஞ்சதும் மடிச்சு வச்சிட்டுப் போறேன். நாளைக்கு வேற ஆளு பாத்துக்கிடுங்க” என்றாள் உலகம்மாள்.

அப்படியே செய்தாள். கடைசித் துணிவரைக்கும் காயவைத்து மடித்து அடுக்கிவிட்டு, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வழியில் இசக்கி, “ஏம்மா, மதுரைக்கு நான் போனா என்ன?” என்று கேட்டதற்கு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிள்ளை ஏன் என்று தெரியாமல் வீடு வருகிறவரை விசும்பியது.

சங்கிலிப்பாண்டி கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். உலகம்மாள் அவன் முன்னால் உட்கார்ந்தாள். பத்து வருஷமாக இந்த ஒரு பேச்சை அவள் எடுத்ததே இல்லை. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். குழலம்மா தன் வாயால் சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே சொன்னாள். சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

அவன் சட்டியை வைத்துவிட்டு மீசையைத் துடைத்தான். யோசித்தான்.

“பிள்ளையை அனுப்பியிருக்கலாம்லா?” என்றான். “மூணு வேளையும் சோறு கிடைக்கும்.”

உலகம்மாள் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே சாரல் வலுத்திருந்தது. இறவாரத்துத் தண்ணீரிலேயே அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, விடுதியில் பாதியில் விட்டுவந்த எண்ணெய்த் துண்டுகளைத் துவைக்கக் கிளம்பிப்போனாள்.